லோவுட், உடுவில், நமது வகுப்பறை



கொழும்பிலிருந்து மலையேறி வரும் வீதி பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறுகின்றது. மற்றது கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் என்னிடம், அச்சந்திக்கு அண்மையிலுள்ள தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் வந்தாள். எனிட் பிளைட்டனின் 'மலோரி டவர்ஸ்' நாவலொன்றை அகராதியும் கையுமாகப் படித்து முடித்திருந்தாள். "சேர், அந்தப் புள்ளைங்க பசி எடுக்காமலே ராத்திரி எந்திரிச்சு ஒளிச்சுத் திங்குறாங்களே!" என்றாள்.

அந்த வியப்பே இன்றைய என் பேச்சுக்குத் தோற்றுவாய்.

1946 முதல் 1951 வரை வெளிவந்த அந்த ஆறு நாவல்களில் பாடசாலை என்பது கடலோரக் கோட்டை போன்ற ஓர் இன்ப உலகம். நீச்சல், விளையாட்டு, நடுச்சாம விருந்து, சிறு பொறாமை, பின்னர் சமாதானம். ஆனால் அவை வெளிவந்த காலத்தில் இங்கிலாந்தில் உணவு பங்கீட்டு முறையிலேயே வழங்கப்பட்டது. 1954இல்தான் அது முற்றாக நீங்கியது. கூப்பன் காலத்தை அறிந்த நமக்கு இது விளங்கும். அவ்விருந்து அந்நாட்டுப் பிள்ளைகளுக்கும் கனவுதான்.

கனவின் மறுபக்கத்தைக் காட்டியவர் சார்லட் புரொன்டே. 1847இல் வெளியான 'ஜேன் அயர்' நாவலில் லோவுட் என்ற விடுதிப் பாடசாலை வருகின்றது. கருகிய கஞ்சி, குளிர், பக்தியின் பெயரால் பட்டினி. இது வெறுங் கற்பனையன்று. 1824இல், எட்டு வயதில், சார்லட் கோவன் பிரிட்ஜ் என்னும் இடத்திலிருந்த பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அங்கு பயின்ற அவருடைய மூத்த சகோதரியர் மரியாவும் எலிசபெத்தும் காசநோயுற்று, 1825இல் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அத்துயரம் இருபத்திரண்டு ஆண்டுகள் நெஞ்சிற் கிடந்து நாவலாயிற்று.

அதே 1824இல்தான் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தனர். பெண் எழுத்தறிதல் இழுக்கென்று கருதப்பட்ட காலம் அது. அப்பாடசாலை செய்த தொண்டு பெரிது. சைவனாகிய நானும் அதை நன்றியோடு ஒப்புக்கொள்வேன். எனினும் ஒரு செய்தி மனத்தை உறுத்துகின்றது. மிஷன் விடுதிகளிற் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. தாய் வைத்த பெயரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே சென்ற சிறுமி அன்றிரவு என்ன நினைத்திருப்பாள்? முதல் அதிபரான ஹரியற் வின்சிலோ 1833இல் காலமானார். இரண்டே ஆண்டுகளில் அவரது வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் நூலாயிற்று. ஆசிரியையின் கதை நூலாயிற்று, மாணவியின் கதை?

நமது தோட்டப் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். தம்பியைப் பார்த்துக்கொள்ள முதலில் நிறுத்தப்பட்டவள் பெண்பிள்ளைதான். 1970களிலிருந்து அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. இன்று ஊவாத் தோட்டங்களிலிருந்து பெண்கள் பல்கலைக்கழகம் வரை செல்கின்றனர். இந்த மாற்றத்தை அறிக்கைகள் சொல்லும். அந்த வாங்கிலிருந்து எழுந்து போக நேர்ந்தவளின் மனத்தை அறிக்கை சொல்லாது; அதற்கு இலக்கியம் வேண்டும். அதனை எழுதுவதற்கு உரியவள் அந்த வாங்கில் இருந்தவளே. சார்லட் நமக்குக் காட்டிய வழி அதுதான்.

ஆகவே அம்மாணவியிடம், "உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுது" என்றேன். மறுவாரம் இரண்டு பக்கம் கொண்டுவந்தாள். தகரக் கூரையில் மழை பெய்யும்போது ஆசிரியரின் வாய் மட்டும் அசையும், குரல் கேட்காது. அப்போது பின்வாங்குப் பிள்ளைகள் கொண்டுவந்த ரொட்டியைப் பகிர்ந்து உண்பார்கள் என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "எங்களுக்குப் பசித்தது."

எழுத்துப் பிழைகள் ஏழு இருந்தன. அவற்றை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.