எஞ்சின் விசில் அடித்தால்



நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கார். இன்று போனட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் கிளம்புகிறது. பலர் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். மற்றவர்கள் பட்டறைக்குப் போய், "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். முதலாவதில் ஆபத்து, இரண்டாவதில் வீண்செலவு. ஏனென்றால் பட்டறை வாசலை மிதித்ததும் வண்டி வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் அனுமானத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றுவார்கள்.

எஞ்சினில் விசில் வருவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான். குறுகலான ஓட்டை வழியே காற்று பாய்ந்தால் வரும். பலூனின் வாயை இழுத்துப் பிடித்தால் கீச்சிடுகிறதே, அதே கதை. இல்லையென்றால், சுற்றுகிற பெல்ட்டோ பேரிங்கோ தேய்ந்திருக்கும். எது என்று பிரித்தறிய முதலில் கருவி எதுவும் தேவையில்லை. சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று கவனித்தால் போதும்.

பெட்ரோல் வண்டியிலிருந்து தொடங்குவோம். ஐடிலிங்கில் இருக்கும்போது காற்று நுழையும் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே போகும் ரப்பர் ஹோஸில் சிறு வெடிப்போ, கேஸ்கெட்டில் பழுதோ இருந்தால் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே புகும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் திராட்டில் திறந்து சத்தம் அடங்கினால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணக்கில் வராத காற்று புகுவதால் ஐடிலிங் ஏறி இறங்கும். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரியலாம்.

இதில் ஓர் இடம் மிக முக்கியம். பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பூஸ்டர், பல பெட்ரோல் கார்களில் மேனிஃபோல்டில் உண்டாகும் இந்த வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. வண்டி நிற்கும்போது பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அப்போது சீறல் மாறினாலோ, பெடல் வழக்கத்தைவிட இறுகினாலோ வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

டீசல் வண்டியின் கதை வேறு. இன்றைய டீசல் கார்களில் டர்போ இருக்கிறது. புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி அது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். அதனால் லேசான விசில் அதன் இயல்பு. முன்பு இல்லாத சத்தம், மேட்டில் ஏறும்போது சைரன் மாதிரி உயர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். கூடவே பிக்கப் குறைந்து கரும்புகை வந்தால், டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். நீலப் புகை வந்து ஆயிலும் குறைந்தால், டர்போவின் பேரிங்கோ சீலோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் ஓட்டவே கூடாது. டர்போ வழியாக உள்ளே போகும் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் டீசல் எஞ்சின் தறிகெட்டு ஓடும் அபாயம் உண்டு.

அடுத்தது பெல்ட். அதில் பழுதென்றால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிடும். ஏசி போட்டாலோ, ஹெட்லைட்டை எரியவிட்டாலோ கூடும். எட்ட நின்று, பெல்ட்டின் வரிப்பள்ளங்கள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது பட்டறைச் சோதனை. சத்தம் சற்று நின்று மறுபடி வந்தால், பெல்ட் சுற்றி ஓடும் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. அதிகமானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லாமல், எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சத்தமென்றால் பேரிங்கைப் பாருங்கள். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை, பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டர் மீது வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். பழக்கமில்லாதவர்கள் இதை முயல வேண்டாம். ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் துப்பட்டா, வேட்டி நுனி, விரல் எதுவும் போகக் கூடாது.

ஆகவே நேயர்களே, பட்டறைக்குப் போகும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தயார் செய்துகொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடானபோதா? நிற்கும்போதா, ஓடும்போதா? ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா, குறைகிறதா? ஏசியும் பிரேக்கும் அதை மாற்றுகின்றனவா? முடிந்தால் செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பழுது ஒரு ரப்பர் ஹோஸில் இருக்கும்போது டர்போவுக்குப் பணம் கட்டாமல் தப்பிக்க இந்தப் பதில்களே உதவும்.