திட்டமிட்ட பயணமே தித்திக்கும்!

(‘தீவுச் சுற்றுலாவில் பெரிதும் மகிழ்ச்சி தருவது திட்டமிட்ட பயணமா? திடீர்ப் பயணமா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘திட்டமிட்ட பயணமே’ அணியில் பேசியது)

மாண்புமிகு நடுவர் அவர்களே! பெட்டியே கட்டாமல் புறப்பட்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து தலைவலி மாத்திரை வரை மறக்காமல் எடுத்து வந்திருக்கிற எங்கள் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப அழகாப் பேசினார். “திட்டம் போட்டா அது சுற்றுலா இல்லைய்யா, ஆபீஸு! மனசு சொன்னா கிளம்பணும், கால் போன போக்கில போகணும், அதுதான் இன்பம்”னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன்.

தம்பி, நீங்க சொன்னது கொடைக்கானலுக்குச் சரி. ரூம் கிடைக்கலையா? வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்துடலாம். கன்னியாகுமரியில ஒரு பஸ் போச்சா? அடுத்த பஸ்ஸு. ஆனா இன்னைக்குத் தலைப்பு என்ன? தீவு! தீவுன்னா என்ன? நாலு பக்கமும் தண்ணி. கால் போன போக்கில போனா எங்கே போவீங்க? கடலுக்குள்ளதான் போவீங்க! (சிரிப்பு)

நம்ம குடும்பங்கள் ஆசைப்படுகிற அந்தமானையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள். அந்தக் கப்பலும் தினமும் கிடையாது. போய் இறங்குகிற ஊர் போர்ட் பிளேர். 2024-லிருந்து அதற்குப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து ஹாவ்லாக் தீவுக்கு, அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவுக்குப் போக, அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் ஆகும். அந்தப் படகு நமக்குச் சுற்றுலா. தீவில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் டவுன் பஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், காலேஜுக்குப் போகிற பிள்ளை எல்லாரும் அதில்தான் போகணும். “நான் நினைச்சப்ப வருவேன், எனக்கு அஞ்சு டிக்கெட் கொடு”ன்னா அவன் எங்கே போவான்?

நடுவர் அவர்களே, திருவள்ளுவர் பொருட்பாலில் 47-ஆவது அதிகாரமாக ‘தெரிந்து செயல்வகை’ வைத்தார். அடுத்து 48 ‘வலியறிதல்’. 49 ‘காலமறிதல்’. 50 ‘இடனறிதல்’. நாலும் வரிசையாக வருகிறது. அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் குடும்பத்தோடு சுற்றுலா போகிற தகப்பனுக்கும் இந்த நாலு தலைப்பு போதும். வேறு வழிகாட்டிப் புத்தகமே வேண்டாம்!

முதலில் வலியறிதல். பகைவன் வலிமையை அறிவது அப்புறம். நம்ம வீட்டு வலியை முதல்ல அறியணும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு இடுப்பு வலி! (சிரிப்பு) சிரிக்காதீங்க. சில கடற்கரைகளில் படகு கரை வரைக்கும் வராது. முழங்கால் தண்ணியில இறங்கி நடந்துதான் கரைக்கு வரணும். எழுபது வயசுப் பாட்டி அங்கே எப்படி இறங்குவார்? இதை வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் அது திட்டம். அங்கே போய் யோசித்தால் பாட்டி படகிலேயே உட்கார்ந்திருப்பார். “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்”பார். அந்த ஒரு வார்த்தைக்கா அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனோம்?

சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் நாலு நாள் உபரியாக எடுத்துக்கொள்ளணும். பெரிய மருத்துவமனை ஸ்ரீ விஜயபுரத்தில்தான் இருக்கிறது. சின்னத் தீவில் நீங்க கேட்கிற மாத்திரை கிடைக்கும்னு நம்பிப் போகக்கூடாது. கையில் ரொக்கமும் வேணும். செல்போனைக் காட்டினால் போதும்னு பழகிட்டோம். சின்னத் தீவில் சிக்னல் போச்சுன்னா, பேங்கில கோடி இருந்தாலும் இளநீர் குடிக்க முடியாது.

இரண்டாவது காலமறிதல். நம்ம ஊர்ல சுற்றுலான்னா மே மாசம். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, புறப்படு! ஐயா, தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு ஜூன் 1 வாக்கில் வரும். அதே மழை அந்தமானுக்கு அதற்கு முன்பே, மே மாதம் இருபது தேதியை ஒட்டி வந்துவிடும். மே கடைசியில் டிக்கெட் போட்ட எதிரணி நண்பர் ஓட்டல் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இங்கே மழைக்கு ஏங்கினவர், அவ்வளவு பணம் கட்டிப் போய் அங்கே மழை பார்ப்பார்! (சிரிப்பு, கைதட்டல்) தென்மேற்கு மழை முடிந்தால் வடகிழக்குப் பருவமும் அங்கே உண்டு. மழை குறைந்த மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலில் போகலாமே? காலண்டரைத் திருப்பிப் பார்த்தால் தெரிகிற சங்கதிதானே இது?

சூரியனைப் பாருங்கள். நமக்கும் அந்தமானுக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அவர்கள் கிழக்கே இருக்கிறார்கள். சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே அங்கே சூரியன் உதித்து மறைகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நம்ம ஆளு மத்தியானம் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு, காபி குடிச்சு, “வாங்க, ராதாநகர் கடற்கரையில சூரிய அஸ்தமனம் பார்க்கலாம்”னு ஆறு மணிக்குக் கிளம்புவாரு. 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம் அது. அங்கே போய் டார்ச் அடித்துக் கடல் பார்ப்பாரு! (சிரிப்பு)

கடலுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. நீல் தீவில், இப்போது ஷாஹீத் தீவு என்று பெயர், இயற்கையாகவே பாலம் மாதிரி வளைந்து நிற்கிற பாறை ஒன்று உண்டு. கடல் வற்றும்போதுதான் அதன் அடியில் நடந்து பார்க்க முடியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேரம். அந்த நேரமும் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம்போல் தள்ளித் தள்ளிப் போகும். வண்டூர் கடல் தேசியப் பூங்காவில் பவளப்பாறை பார்க்க ஜாலிபாய் தீவுக்குப் போகலாம். ஆனால் திங்கட்கிழமை கிடையாது. அதுவும் சில மாதம் ஜாலிபாய், சில மாதம் ரெட்ஸ்கின் என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். பவளப்பாறைக்கு ஓய்வு வேண்டுமாம். பாறைக்கே லீவு திட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். மனுஷனுக்குத் திட்டம் வேண்டாம் என்கிறார் எதிரணி நண்பர்!

நம்ம ராஜேந்திர சோழன் 1025-இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்துக்குப் படை அனுப்பினான். அவன் மெய்க்கீர்த்தியில் வருகிற ‘மாநக்கவாரம்’ தான் இன்றைய நிக்கோபார் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பாய்மரக் கப்பல் அது. காற்று எப்போது எந்தப் பக்கம் வீசும் என்று பார்க்காமல், “மனசு சொல்லுது, கிளம்புங்கடா”ன்னு கிளப்பியிருப்பானா? (கைதட்டல்)

மூன்றாவது இடனறிதல். இடத்தை அறிவது என்றால் ஓட்டல் முகவரியை அறிவது மட்டுமில்லை. அங்கே பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகிற சாலை ஜாரவா மக்களின் காட்டு வழியாகப் போகிறது. குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு, வரிசையாகத்தான் வண்டிகள் போகலாம். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, பிஸ்கட் நீட்டக்கூடாது. ஏன்? அவர்கள் மனிதர்கள், வேடிக்கைப் பொருள் அல்ல. இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போக வேண்டாமா? கரையில் கிடக்கிற பவளத் துண்டை “கொலுவுக்கு அழகா இருக்கும்”னு பையில் போட்டால் அது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

1906-இல் வெள்ளைக்காரன் கட்டி முடித்த செல்லுலார் சிறை அங்கே இருக்கிறது. ஏழு பிரிவுகளாகக் கட்டியது, இன்று மூன்றுதான் மிச்சம். அங்கே போவதற்கு முன்னால், ஒவ்வொருவரையும் ஏன் தனித்தனி அறையில் அடைத்தார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லியிருந்தால், அந்த வாசலில் அவன் தானாகவே பேச்சை நிறுத்துவான். சொல்லாமல் கூட்டிப் போனால், “அப்பா, ஐஸ்கிரீம் எங்கே விக்குது?”ன்னு கேட்பான். தப்பு பிள்ளை மேலயா?

நான்காவது தெரிந்து செயல்வகை. எல்லாம் தெரிந்தபின் எப்படிச் செய்வது? கடலுக்கடியில் மூழ்கி மீன் பார்க்கிற விளையாட்டு அங்கே உண்டு. மூழ்கி எழுந்தவர் 18 முதல் 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். உடம்பில் கரைந்த காற்று வெளியேற அவகாசம் வேண்டும். இது தெரிந்தவர் அதை முதல் நாட்களில் வைப்பார். தெரியாதவர், “கடைசி நாள் சும்மாத்தானே இருக்கோம், குதிச்சிடலாம்”பார்.

2016 டிசம்பரில் அந்தமானில் புயல் மழை. ஹாவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய் மீட்டு வந்தன. உடனே எதிரணி கேட்கும், “திட்டம் போட்டவனும்தானே மாட்டினான்?” ஆமாங்க, மாட்டினான். புயலைத் திட்டம் நிறுத்தாது. ஆனால் திரும்புகிற விமானத்துக்கு முந்தின இரவே பெரிய தீவுக்கு வந்து தங்குகிறவனுக்கு, படகு ஒருநாள் நின்றாலும் தாங்கும். கையில் நாலு நாள் மாத்திரை உபரியாக இருக்கிறவன் பயப்படாமல் இருப்பான். எது நடந்தாலும் தாங்குகிற மாதிரி இடம் விட்டு வைப்பதற்குப் பெயர்தான் திட்டம்.

“அப்போ இன்பம் எங்கேய்யா? அப்பா கையில கடிகாரம், வாயில விசில், இது சுற்றுலாவா, என்.சி.சி. முகாமா?” என்று அந்தத் தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. நான் மதிக்கிறேன். ஆனால் அம்மா, அது திட்டம் இல்லை, ஆணை! அப்பா ஒருத்தரே உட்கார்ந்து போட்டது ஆணை. வீடே உட்கார்ந்து போட்டால்தான் திட்டம். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு முடித்து, டிவியை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஆளுக்கு ஒரு ஆசை சொல்லட்டும். பையன் மீன் பார்க்கணும்பான். பொண்ணு கடலில் படகு ஓட்டணும்பாள். தாத்தா சிறைச்சாலை பார்க்கணும்பார். கடைசியில் அம்மாவைக் கேளுங்கள். “எனக்கென்ன, நீங்க எங்கே போனாலும் சரி”ன்னுதான் சொல்வாங்க. விடாதீங்க, இரண்டாம் தடவை கேளுங்க. “காலையில யாருக்கும் காபி போடாம, அலையைப் பார்த்துக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காரணும்”பாங்க. (நீண்ட கைதட்டல்)

அந்த ஒரு மணி நேரத்தைத் திடீர்ப் பயணம் தருமா? தராது. திடீர்ப் பயணத்தில் துணி மடிக்கிறது யாரு? சாப்பாடு கிடைக்காத இடத்தில் பிள்ளைக்கு ரொட்டி தேடுகிறது யாரு? அதே அம்மா! உங்கள் திடீர் இன்பத்துக்கு அவங்கதான் விலை கொடுக்கிறாங்க. ஆகவே திட்டத்தில் ஒரு முழு நாளை வெறுமையாக விடச் சொல்கிறேன். அன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம். எதிரணி நண்பர்கள் கேட்கிற அந்தக் கால் போன போக்கெல்லாம் அன்றைக்கு வைத்துக்கொள்ளட்டும். அதற்கும் எங்கள் திட்டத்தில்தான் இடம் இருக்கிறது!

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன், ஐயா.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பத்து வயசு வரை கைக்குழந்தை மாதிரி. பத்தாம் வகுப்பு வந்தால் டியூஷன். பன்னிரண்டாம் வகுப்பு வந்தால் வீட்டில் சிரிக்கவே கூடாது. அப்புறம் ஹாஸ்டல், வேலை, கல்யாணம். இந்தப் பக்கம் தாத்தா பாட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் கால் ஒரு படி தளர்கிறது. மூணு தலைமுறையும் ஒரே படகில் ஏறக்கூடிய வருஷம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை வரும்? நாலு? ஐந்து? அவ்வளவுதான், ஐயா. கடல் அங்கேயேதான் இருக்கும். தீவும் இருக்கும். பாட்டி இருப்பாரா?

அந்த நாலைந்து வருஷத்தில் ஒன்றை ‘பார்த்துக்கலாம், நினைச்சப்ப போகலாம்’ என்று விட்டால், போகாமலே போய்விடும். திடீர்ப் பயணம் போனவர்களைவிட, திடீர்னு போகலாம்னு சொல்லியே போகாதவர்கள்தான் நம் நாட்டில் அதிகம்! ஆகவே இன்று இரவே வீட்டில் உட்கார்ந்து தேதியைக் குறியுங்கள். திட்டமிட்ட பயணமே தித்திக்கும் என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.