உதவி கேட்டால் இறையாண்மை போய்விடுமா?

2016 ஜூன் 5ஆம் திகதி மாலை கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்தது. ஆறு கிலோமீற்றர் சுற்றளவில் இருந்த சனம் வெளியேற்றப்பட்டது. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் இந்தியாவில், மகாராஷ்டிரத்தின் புல்காவ் வெடிமருந்துக் கிடங்கு எரிந்து படையினரும் தீயணைப்பாளர்களும் மாண்டிருந்தார்கள். இப்படி ஒரு நேரத்தில் வெளிநாட்டு நிபுணர்களைக் கூப்பிடுங்கள் என்று யாராவது வாய் திறந்தால், "எங்கள் படைமுகாமுக்குள் அந்நியன் கால்வைப்பதா? இறையாண்மை என்னாவது?" என்று ஒரு குரல் எழும்பும். அந்தக் குரலுக்குத்தான் இன்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைப்பிரசைப் பாருங்கள். ஈரானிலிருந்து சிரியாவுக்குப் போன ஒரு கப்பலை 2009இல் மறித்து, 98 கொள்கலன் வெடிமருந்தை அந்த நாடு இறக்கிவைத்தது. எங்கே வைத்தது? மாரி என்ற ஊருக்குப் பக்கத்துக் கடற்படைத் தளத்தில், வெட்டவெளியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. இரண்டு கோடைகால வெயில் முழுவதும் அதன் தலையில்தான் விழுந்தது. ஜெர்மனியும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதை அகற்ற உதவுகிறோம் என்றன, வேண்டாம் என்றார்கள். 2011 ஜூலை தொடக்கத்தில் ஒரு கொள்கலன் உள்ளுக்குள் வெடித்து வீங்கியது. அப்போதும் கூட்டம் போட்டுப் பேசினார்களே தவிர, அதை அசைக்கவில்லை. 11ஆம் திகதி விடியற்காலை அத்தனையும் வெடித்தது. கடற்படைத் தளபதி, தளத்தின் பொறுப்பதிகாரி, ஆறு தீயணைப்பாளர்கள் உட்பட 13 பேர் செத்தார்கள். பக்கத்திலிருந்த வாசிலிக்கோஸ் மின்நிலையம் நொறுங்க, நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி ஒரே காலையில் போயிற்று. மறுத்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? சிரியாவின் மனம் கோணக் கூடாது என்ற கணக்கு! ஒரு அந்நியனின் முகம் சுளிக்கும் என்று பயந்து மற்ற அந்நியரின் உதவியை உதறியதற்குப் பெயர் இறையாண்மையா? விசாரணை நடத்திய பொலிவியூவின் அறிக்கை சனாதிபதி கிறிஸ்தோஃபியாசைத்தான் முதற்பொறுப்பாளி என்றது. அவர் அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார்.

"எங்கள் படையிலேயே நிபுணர்கள் இருக்கிறார்களே" என்பார்கள். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சைப்பிரசிலும் இருந்தார்கள், இதை இங்கே வைக்காதீர்கள் என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆனால் மேலதிகாரியின் கையெழுத்தில் பதவி உயர்வு காத்திருக்கும் ஒருவர் எத்தனை தரம் எழுதுவார்? வெளியிலிருந்து வருபவருக்கு அந்தக் கட்டு இல்லை. இதில் நுட்பமும் உண்டு. குண்டை உந்தித் தள்ளும் மருந்து நைட்ரோசெல்லுலோஸ். அது கிடக்கக் கிடக்கத் தானாகவே சிதையும். சிதைவை அடக்கத்தான் டைஃபீனைலமைன் போன்ற நிலைப்படுத்திகளைக் கலக்கிறார்கள். வெயிலில் கிடந்தால் அந்த நிலைப்படுத்தி விரைவாகத் தீரும். அது தீர்ந்த மருந்து நெருப்புப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எவ்வளவு மிச்சம் என்று அறிய, ஒவ்வொரு தொகுதியிலும் சில கிராம் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்தால் போதும். அந்த ஆய்வுகூடம் இல்லாத நாடு இருக்கிற நாட்டிடம் கேட்பதில் என்ன மானக்கேடு? வெடிமருந்துப் பராமரிப்புக்கான வழிகாட்டிகளை ஐ.நா. 2011இலிருந்து இலவசமாகவே வெளியிடுகிறது.

அடுத்த வாதம், இரகசியம். வெடிப்புக்குப் பிறகு எந்த இரகசியத்தைக் காக்கப் போகிறீர்கள்? அது ஊரார் கூரைமேல் அல்லவா கிடக்கிறது! 2012 மார்ச் 4ஆம் திகதி கொங்கோவின் தலைநகர் பிராஸவில்லில், சன நெருக்கடியான ம்பிலாப் பகுதியில் கிடங்கு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடித்தவை போக, வெடிக்காமல் வீசப்பட்டவை வீட்டு முற்றங்களில் கிடந்தன. சூட்டில் வெந்த எறிகணையின் வெடிமுனை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கோ அது பழைய இரும்பு. தீயணைப்புப் படை செய்யக்கூடிய வேலையல்ல இது. ஐ.நா.வின் கண்ணிவெடி நடவடிக்கைச் சேவையும், கண்ணிவெடி அகற்றும் மாக் போன்ற அமைப்புகளும் வந்துதான் தேடி அகற்றின. உதவி செய்பவன் வேறு நோக்கத்தோடு வருவான் என்ற சந்தேகத்தை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அது நியாயமான சந்தேகம். அதற்காகக் கதவைச் சாத்தாதீர்கள்; ஒரே வல்லரசிடம் போகாமல் ஐ.நா. மூலமாகக் கேளுங்கள், நிபந்தனைகளை எழுத்தில் வையுங்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஹலோ டிரஸ்டும் மாக்கும் இந்த மண்ணுக்கு வந்து கண்ணிவெடி அகற்றின. கவசமும் முகமூடியும் போட்டு, முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டியவர்களில் பலர் நம் ஊர்ப் பெண்கள். வித்தை வெளியிலிருந்து வந்தது, கை நம்முடையது. எந்த அரசின் இறையாண்மை அதனால் தேய்ந்தது? வன்னிக் காட்டில் கூசாத உதவி, கொழும்புக்குப் பக்கத்து முகாம் வாசலில் மட்டும் ஏன் கூச வேண்டும்? ஆகவே இந்த மேடையின் கோரிக்கை இது: குடியிருப்புகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு களஞ்சியத்தையும் வெளியாரைக் கொண்டு பரிசோதிக்க அரசு எழுத்தில் உதவி கேட்கட்டும். எந்தக் கிடங்கிலிருந்து எத்தனை மீற்றருக்குள் வீடு இருக்கக் கூடாது என்ற அவர்களின் கணக்கை, சிங்களத்திலும் தமிழிலும் அந்தந்தப் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டட்டும்.