செல்ஃப் எடுக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை – என்ன செய்வது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால் எடுத்தவுடன் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். அது 9-ஆல் வகுபட்டால், 54 என்பதை 45 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கலாம். வித்தியாசமே பாதி வழி காட்டிவிடும். கார் மக்கர் செய்யும்போதும் அதே நிதானம் போதும்.

முதலில் கோளாறை இனம் பிரியுங்கள். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தாலோ, எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, சந்தேகம் பேட்டரி மேல். நான் சொல்ல வந்தது வேறு. செல்ஃப் நன்றாக எடுக்கிறது, எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அப்படியானால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. அவற்றை மாற்றச் செலவு செய்ய வேண்டாம்.

அதே காரணத்தால் வண்டியைத் தள்ளவும் வேண்டாம். தள்ளுவது எஞ்சினைச் சுற்ற வைக்கத்தான்; அது ஏற்கெனவே சுற்றுகிறதே! அதிலும் நம் பேஸ்மென்ட் சரிவில் தள்ளவே கூடாது. எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். பின்னால் நின்று தள்ளுகிற செக்யூரிட்டி தம்பியின் மேல் வண்டி திரும்ப உருண்டால் யார் பதில் சொல்வது?

இன்னொரு விதி. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது விட்டு அடுத்த முறை. மூன்று நான்கு முறைக்கு மேல் போனால் நல்ல பேட்டரியும் இறங்கிவிடும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

சரி, பெட்ரோல் எஞ்சின் பிடிக்க என்ன வேண்டும்? பெட்ரோல், பிளக்கில் கரண்ட், காற்று, கம்ப்ரஷன். இவற்றோடு, 'இது என் சாவிதான்' என்று கார் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாவியிலிருந்து தொடங்குங்கள், அதற்குச் செலவே இல்லை. டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து பெட்ரோல். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். சரிவில் நிற்கும் வண்டியில் அது கூடக் காட்டலாம். ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, செல்ஃப் அடிக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால், பிரேக்கை மிதிக்காமல் இரண்டு முறை அழுத்துங்கள். பின் சீட் பக்கம் இரண்டு விநாடி 'உய்ங்' என்று மெல்லிய சத்தம் பல கார்களில் கேட்கும். அது பெட்ரோல் பம்ப். வழக்கமாகக் கேட்கும் சத்தம் இன்று இல்லையென்றால் பம்ப்பின் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சில ரூபாய் ஃபியூஸைப் பார்க்காமல் பல ஆயிரம் ரூபாய் பம்ப்பை மாற்ற யாரையும் விடாதீர்கள்.

பம்ப் சத்தம் கேட்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது என்றால் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்திருக்கலாம். பின்னால் நிற்கும் காருக்கு வழிவிட வண்டியைப் பத்தடி நகர்த்தி உடனே அணைக்கிறோமே, அதற்குப் பிறகு இது வரும். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும். பிடித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள். ஆனால் தரையில் பெட்ரோல் சொட்டினால் எதையும் தொடாமல் விலகி நின்று ஆளைக் கூப்பிடுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளையும் கவனியுங்கள். பல கார்களில் அது சற்றே எழும்பும். எப்போதும் எழும்பும் முள் இன்று பூஜ்யத்திலேயே கிடந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஆவது அதன் இன்னொரு அடையாளம்.

நம் பேஸ்மென்ட்டில் எலியை மறக்க முடியாது. பானெட்டைத் திறந்தால் புழுக்கையோ, கடித்த வயரோ, தேங்காய் நாரோ கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து மெக்கானிக்கிற்கு அனுப்புங்கள். வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டிதான் எலிக்குப் பிடித்த வீடு.

டீசல் வண்டி என்றால், டேங்க் காலியாகி நின்றபின் டீசல் ஊற்றினாலும் உடனே பிடிக்காது. குழாயில் காற்று புகுந்திருக்கும்; அதை வெளியேற்ற வேண்டும்.

இரண்டு இடங்களில் மட்டும் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஒன்று, எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்' என்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வு வளைந்து செலவு பல மடங்காகும். இரண்டு, வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் செல்ஃபே அடிக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று இன்றே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் 'ஸ்டார்ட் ஆகலைங்க' என்று மட்டும் சொன்னால், அவர் ஊகித்து ஒவ்வொரு பாகமாக மாற்றுவார், பில் நம்முடையது. செல்ஃப் வேகம், சாவி விளக்கு, பம்ப் சத்தம், ஆர்.பி.எம். முள், கடைசியாக எப்போது ஓடியது என்ற ஐந்தையும் சொல்லுங்கள். 'ஸ்கேனர் எடுத்து வாங்க' என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வளாகத்தில் வயதானவர்கள் அதிகம். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி, அந்த நேரம் பார்த்துக் கார் மக்கர் செய்கிறது என்றால், நான் சொன்ன எதையும் பார்க்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.