கிரகணம் செய்யும் இயந்திரம்

(கெங்குவார்பட்டிக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கிரகணத்தன்று கதவைச் சாத்தி, உலையை அணைத்து, கர்ப்பிணிப் பெண்ணை உள்ளே அடைத்துவைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் ஒழிந்தபாடில்லை. 2019 டிசம்பர் 26ந் தேதி திண்டுக்கல் பக்கமெல்லாம் சூரியன் வளையல்போல் தெரிந்ததே, அன்று எத்தனை வீடுகளில் இந்தக் கூத்து நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். இராகு விழுங்குகிறான், தோஷம் கழிக்கத் தட்சணை கொடு என்று சொன்னவன் கொழுத்தான்; கொடுத்தவன் இளைத்தான்.

அப்பேர்ப்பட்ட கிரகணத்தை இன்று மனிதனே ஓர் இயந்திரத்துக்குள் உண்டாக்குகிறான். 2023 செப்டம்பர் 2ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடப்பட்ட ஆதித்யா எல்-1 என்னும் விண்கலம் (பெயரில் மட்டும் வடமொழியை விடமாட்டார்கள்!) 15 லட்சம் கிலோமீட்டர் சென்று, 2024 ஜனவரி 6ந் தேதி தன் இடத்தை அடைந்தது. சூரியன் இருப்பதோ 15 கோடி கிலோமீட்டரில். ஆகவே நூற்றில் ஒரு பங்கு தூரந்தான். ஆனால் அங்கே இரவில்லை, நிலா குறுக்கிடுவதுமில்லை. அதிலுள்ள 7 கருவிகளில் ஒன்று, சூரிய வட்டத்தின் கண்கூசும் ஒளியை விலக்கிவிட்டு, சுற்றிலுமுள்ள மங்கலான ஒளிமகுடத்தைப் படமெடுக்கிறது. அக்கருவியைச் செய்த இந்திய வானியற்பியல் நிறுவனந்தான், உங்கள் தலைக்குமேல் நிற்கும் கொடைக்கானல் மலையில் 1899இல் ஸ்தாபிக்கப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையத்தையும் நடத்துகிறது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். அம்மகுடத்திலிருந்து சிற்சில சமயம் கோடிக்கணக்கான டன் மின்னேறிய வாயு பிய்த்துக்கொண்டு கிளம்பி, இரண்டொரு நாளில் பூமியைத் தாக்குகிறது. 1989 மார்ச் 13ந் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் ஜனங்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது இதனால்தான். 2022 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கக் கம்பெனி புதிதாய் விட்ட 49 சிறு விண்கலங்களில் முக்காற்பங்குக்கு மேல் எரிந்தொழிந்ததும் இதனால்தான். முன்கூட்டித் தெரிந்தால் மின்சாரக்காரன் பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்குப் பரிகாரம் அர்ச்சனையல்ல, எச்சரிக்கை.

இவ்வேலைக்குத் திட்ட இயக்குநராயிருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்னும் பெண்மணி. பெண்ணுக்கு அடுப்பங்கரை போதும் என்கிறவர்கள் பதில் சொல்லட்டும். ஆனால் விண்கலம் விடுவதற்கு முந்தினநாள் இஸ்ரோ தலைவர் சூலூர்ப்பேட்டை செங்காளம்மா கோவிலுக்குப் போய்க் கும்பிட்டாரென்றும் பத்திரிகைகளில் படித்தோம். கணக்குத் தப்பியிருந்தால் அம்மன் கைகொடுத்திருப்பாளா? படித்தவர்களே இப்படியென்றால் பாமரரை மட்டும் குற்றஞ்சொல்லி என்ன பயன்?

2031 மே 21ந் தேதி மதுரைச் சீமை வழியாக மறுபடியும் வளைய கிரகணம் வருகிறது. அன்று இவ்வூர் நடுத்தெருவில் உலை வைத்து, சாதி பாராமல் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பிணிகளை முதல் பந்தியில் உட்கார்த்துங்கள். வெறுங்கண்ணால் மட்டும் சூரியனைப் பார்க்காதீர்கள், அதற்குரிய கண்ணாடி வேண்டும். தோஷத்துக்காக அல்ல, கண் கெட்டுவிடும் என்பதற்காக.