கை போகும் வழி



அம்பாசமுத்திரத்து மரச் சொப்பும் சன்னபட்டணத்துப் பொம்மையும் உருவாவது கடைசல் பட்டறையில். இன்று சின்ன மின் லேத் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டிலேயே கிண்ணமும் பம்பரமும் கடைகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். லேத்தின் துணைக்கருவிகளை எங்கே வைப்பது என்பதை, கை போகும் வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

லேத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரில் எல்லாவற்றையும் மாட்டிவைக்கத்தான் முதலில் தோன்றும். அங்கேதான் ஆபத்து. உளியை எடுக்க, சுழலும் கட்டைக்கு மேலே கையை நீட்ட வேண்டிவரும். சட்டைக்கை நுனி சிக்கினால் போதும், கையையே இழுத்துவிடும். ஆகவே வேலையின் நடுவே தேவைப்படும் உளியும் உப்புத்தாளும் வலப்பக்கம், லேத்தின் வலது முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கைத் தாண்டி இருக்கட்டும்.

அடுத்து, கட்டையைத் தாங்கிப் பிடிக்கும் சென்டர்கள். ஸ்பர் சென்டர், லைவ் சென்டர், டிரில் சக் இவற்றின் பின்தண்டு ஒரு முனை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். மோர்ஸ் டேப்பர் என்பார்கள். 1860-களில் அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த அளவு அது. 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறையும். போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. அந்தச் சரிவின் உராய்வுதான் பிடிமானம். அதில் ஒரு கீறலோ, துருவோ, ஒட்டிய சீவலோ இருந்தால் பிடி தளரும். தண்டு உள்ளேயே சுழன்று, லேத்தின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலின் உட்புறத்தைச் சிராய்த்துவிடும். சென்டரைப் புதிதாக வாங்கிவிடலாம். ஸ்பிண்டிலை மாற்றுவது பெரிய வேலை.

அதனால் சென்டர்களை ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஒரு கனமான பலகையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துங்கள். பரவலாகப் புழங்கும் 2-ஆம் எண் டேப்பருக்கு 18 மில்லிமீட்டர் துளை சரியாக இருக்கும். துளை அடிவரை ஊடுருவ வேண்டும். அப்போதுதான் தூள் தங்காமல் கீழே உதிரும்.

கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் நான்கு ஜாக்களிலும், அதாவது தாடைகளிலும், 1 முதல் 4 வரை எண் பொறித்திருக்கும். எந்த எண் எந்தப் பள்ளத்துக்கு என்பது மாறினால் பிடி மையத்தில் நிற்காது. எனவே ஒரு செட் ஜாவும் அதன் திருகாணிகளும் மூடியுள்ள ஒரே பெட்டியில் இருக்கட்டும். சக் சாவிக்கு ஒரு கொக்கி ஒதுக்குங்கள். கொக்கியில் சாவி தொங்குவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். சக்கிலேயே மறந்து விட்ட சாவி, லேத் ஓடியதும் தெறித்துப் பாயும்.

கனமான சக்கும், கட்டையைத் திருகி மாட்டும் பேஸ்பிளேட்டும் லேத்தின் கால்களுக்கிடையே கீழ்த்தட்டில் இருக்கலாம். அந்தப் பாரம் லேத்தின் அதிர்வையும் ஓரளவு குறைக்கும். பச்சை மரத்தின் சீவல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருவேற்றும். ஆகவே மாலையில் இவற்றைத் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி வையுங்கள்.

அலமாரி செய்ய அவசரம் வேண்டாம். ஒரு வாரம் உங்கள் கை எதைத் தேடி எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். பிறகு பலகையை அறுங்கள்.