அக்கரைக் கூலியும் இக்கரைக் கூலியும்

(மந்தாரக்குப்பத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த குழுவினர், வெளிநாட்டு வேலை நல்லதா, உள்ளூர் வேலை நல்லதா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டார்கள். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமானால் இதற்கெனக் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. ஒரு தபால் அட்டை போதும். குழுவில் கடன் எடுத்து மகனை அனுப்பலாமா என்னும் கேள்வி இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார் சிலருக்கு ஏட்டுக் கேள்வி அன்று. இந்த மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய கேள்வி. ஆகவே சற்று நிதானமாகவே பேச விரும்புகிறேன்.

வெளிநாடு என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1957-ஆம் ஆண்டு மே 20 அன்று பண்டித நேரு நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பின்னர், பழுப்பு நிலக்கரியை அகழும் பெரிய யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்தது. அந்நாட்டுப் பொறியாளர்கள் நம்மிடம் வந்து வேலை செய்தார்கள். தங்கள் நாட்டுச் சம்பளத்தையும் வசதியையும் விட்டு இறங்கி அவர்கள் வரவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். தொழில் நுட்பம் கையில் உள்ளவன் தன் கூலியைத் தன்னுடனேயே கொண்டு செல்கிறான். உடல் உழைப்பை மட்டும் கொண்டு செல்பவனோ, போய்ச் சேரும் இடத்தில் கிடைக்கும் கூலியை வாங்கிக் கொள்கிறான். அப்படிப் போனவர்களில் நமக்கு மிக நெருங்கியவர்கள் இலங்கைக்குப் போனவர்களே.

என் பாட்டனாரின் தம்பி ஒருவர் 1930-களில் கங்காணியுடன் கண்டிச் சீமைக்குப் போனார். அங்கே பணம் மரத்தில் காய்க்கிறது என்று கங்காணி சொன்னதாக எங்கள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள். தேயிலைச் செடியில் பணம் காய்த்தது உண்மைதான். பறித்தவர் வேறு, எண்ணியவர் வேறு. மண்டபம் முகாமில் வைத்தியப் பரிசோதனை முடித்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் ஏற்றப்பட்ட இலட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முந்தைய தலைமுறையினர் 'துண்டு' என்னும் கடன் சீட்டோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றப்பட்டார்கள். புதிய துரை பழைய கடனைத் தீர்த்தால்தான் கூலியாள் வெளியேறலாம். 1921-இல் சட்டம் போட்டு அம்முறையை ஒழித்தார்கள். ஆயினும் கடன் வாங்கிப் புறப்படும் பழக்கம் ஒழியவில்லை. அது இன்று வேறு பெயரில் நடமாடுகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இரு நாட்டுக் கூலியை ஒப்பிடுவது எப்படி என்பதை அக்காலத்துச் சட்டம் ஒன்றிலிருந்தே கற்றுக் கொள்ளலாம். இலங்கையில் 1927-இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று கூலி வகுக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. தோட்டத்தில் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் உச்ச வரம்பு விதித்தார்கள். அது புசலுக்கு 4 ரூபாய் 80 சதம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு புசல் அரிசி ஏறக்குறைய 29 கிலோ. கணக்குப் போட்டால், ஆணின் ஒரு நாள் கூலி மூன்று கிலோ அரிசிக்குச் சற்று அதிகம். பெண்ணின் கூலி இரண்டரை கிலோவுக்குச் சற்று அதிகம். கூலி என்பது நாணயமன்று, அரிசி என்பதை அச்சட்டத்தை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆண் பெண் இருவருக்கும் சமக் கூலி அத்தோட்டங்களில் வருவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்பொழுது அதே அரிசிக் கணக்கை நம் நாளுக்குக் கொண்டு வருவோம். 2024 செப்டம்பரில் இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. நம் நாட்டில் மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். 1,350 எங்கே, 336 எங்கே என்று ஒருவர் மலைக்கலாம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய மூன்றரை ரூபாய் என்னும் மாற்று விகிதத்தில் பார்த்தால் 1,350 என்பது 386 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே சேமலாப நிதிக்குப் பிடிக்கும் நூற்றுக்கு எட்டைக் கழித்தால் 355.

அரிசியில் பாருங்கள். 2024 டிசம்பரில் இலங்கை அரசு நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று உச்ச விலை விதித்தது. அவ்விலையில் தோட்டக்காரரின் முழுக் கூலி ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிடித்தம் போக ஐந்தரை கிலோவை ஒட்டி வருகிறது. நம் ஊர்க் கடையில் சாதாரணப் புழுங்கலரிசி கிலோ 55 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 336 ரூபாய்க்கு ஆறு கிலோ. கடலுக்கு அப்புறமும் இப்புறமும் கூலி ஏறக்குறைய ஒன்றேதான்! தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் மூன்று கிலோ ஆறு கிலோவாகியிருக்கிறது என்பதும் இக்கணக்கிலிருந்தே தெரிகிறது. இதை முன்னேற்றம் என்று சொல்வதா, நகர்வு என்று சொல்வதா என்பதை உங்களுக்கே விடுகிறேன். எனக்கு அது நகர்வாகவே தோன்றுகிறது.

ஆனால் அரிசிக் கணக்கோடு ஒப்பீடு முடிந்துவிடுவதில்லை. நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே நம் கூலியில் ஒரு பகுதி அரிசிக்குப் போகாமல் மிஞ்சுகிறது. மறுபுறம் நூறு நாள் வேலை என்பது பெயரிலேயே நூறு நாளாக இருந்தது. ஆண்டு முழுவதற்கும் அது சோறு போடவில்லை. தோட்டத்தில் வேலை நாள் அதிகம். ஆனால் குறித்த எடைக் கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப்பேர்' என்று எழுதிப் பாதிக் கூலிதான் கொடுப்பார்கள். அறிவித்த கூலி ஒன்று, கையில் விழும் கூலி ஒன்று.

நாணயத்தின் மதிப்பு சரிந்தால் என்ன நேரும் என்பதற்கு 2022-ஐ விடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்கூலி கிடைத்தது. அன்று ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய். ஓராண்டு சிறிது கழிவதற்குள் 360 ஆயிற்று. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் முந்தைய ஆண்டைவிட நூற்றுக்கு எழுபது வரை ஏறியிருந்தன. கூலித் தாளில் அதே 1,000 ரூபாய்தான். அவ்வாண்டு மார்ச் முதல் வடக்கிலிருந்து குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கின. அவர்களைத் தங்க வைத்த இடம் மண்டபம் முகாம். கூலிக்குப் போனவர்கள் காத்திருந்த அதே மண்டபம். தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால் மாவும் மருந்துகளும் அனுப்ப அரசு முடிவு செய்தது அந்தச் சமயத்தில்தான்.

இவ்வளவையும் கேட்டு, இலங்கை நம்மைவிடத் தாழ்ந்த நாடு என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2025-இல் வெளியிட்ட மனித வளர்ச்சி அறிக்கையில் இலங்கைக்கு 89-ஆம் இடம். நம் நாட்டுக்கு 130-ஆம் இடம். அங்கே சராசரி ஆயுள் 77 ஆண்டுகள், இங்கே 72. 1945-லேயே இலவசக் கல்வியைக் கன்னங்கரா கொண்டு வந்தார். வைத்தியம் கிராமம் வரை இலவசமாகச் சென்றது. பணவீக்கத்தில் ஒரு நாடு வீழ்ந்தாலும், முன்பே கட்டிய பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் உடனே இடிந்து விழுவதில்லை. வாழ்க்கைத் தரம் என்பது கூலியைவிட மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும் பொருள்.

அந்த நன்மை நம் மக்கள் வாழ்ந்த லயன் வீடுகளுக்கு மட்டும் பல தலைமுறை கழித்தே வந்து சேர்ந்தது. காரணம் கூலியன்று, குடியுரிமை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்கள் நாடற்றவர்களானார்கள். வாக்கில்லாதவன் வீட்டுக்குச் சாலை வருமா? 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். திரும்பி வந்தவர்களுக்காக 1968-இல் நம் அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் அமைத்தது. பின்னர் அதுவே டான்டீ ஆயிற்று. தேயிலை பறிக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தும் தேயிலையே பறித்தார்கள்.

நாட்டுச் சராசரியை நம்பி ஏமாறுவதற்கு அக்கரை போக வேண்டியதில்லை. கல்வியிலும் ஆயுளிலும் இந்தியாவில் முன் நிற்பது கேரளம். அங்கே மூணாறு தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்கள் 2015-இல் சாலையில் அமர்ந்து போராடித்தான் 232 ரூபாய்க் கூலியை 301 ஆக்கினார்கள். இவ்வளவு தூரம் ஏன்? ஒரே சுரங்கத்துக்குள் ஒரே மண்ணைத் தோண்டும் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் சம்பள நாளன்று இரு அயல்நாட்டினர் போலத்தானே வீடு திரும்புகிறார்கள்! உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை.

இனி, தாய்மார்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்று இளைஞர்கள் கேட்பது இலங்கையையன்று; மலேசியாவையும் சிங்கப்பூரையும் வளைகுடாவையும். மலேசியாவையே எடுத்துக் கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அப்போதைய மாற்று விகிதத்தில் நம் பணத்தில் ஏறக்குறைய 34,000 ரூபாய். வீட்டு வேலைக்கு இவ்விதி பொருந்தாது என்பதைப் பெண்கள் கவனிக்க வேண்டும். இங்கே மாதம் 15,000 சம்பாதிக்கும் பிள்ளைக்கு 34,000 என்றால் ஆசை எழுவது இயல்பு.

ஏஜெண்டுக்கும் டிக்கெட்டுக்குமாக 2 இலட்சம் ரூபாய், இரண்டு வட்டிக்கு வாங்கியதாக வைத்துக் கொள்வோம். முதல் மாத வட்டியே 4,000. சாப்பாடு முதலான அங்குள்ள செலவு 9,000 போக மிஞ்சுவது 25,000. வீட்டுக்கு 10,000 அனுப்பிவிட்டு 15,000 கடனுக்குக் கட்டினால், கடன் தீர 16 மாதம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் மீதம் 8 மாதம். ஆக 24 மாதத்தில் குடும்பத்துக்கு வந்து சேர்வது 3,60,000, மாதத்துக்கு 15,000. இங்கேயே இருந்திருந்தால் தன் சாப்பாடு போக 11,000 கொடுத்திருப்பான். இரண்டு வருடப் பிரிவின் விலை மாதம் 4,000 ரூபாய். நோய் வந்தாலும், வேலை பாதியில் நின்றாலும் அதுவும் இல்லை.

இதே பிள்ளை அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டின் மூலம் போனால்? அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுமே. மற்றச் செலவோடு 60,000 கடன் என்றால், நான்கு மாதத்துக்குச் சற்று மேலாகக் கடன் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களின் 25,000 முழுவதும் வீட்டுக்கு. நாடு அதே, சம்பளம் அதே, உழைப்பு அதே. வித்தியாசம் முழுவதும் புறப்படும் இடத்தில் இருக்கிறது.

என் உறவினர் பையன் ஒருவன் சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்டான். வேலை அனுமதி பிறகு வரும் என்றார்கள். வரவில்லை. ஒளிந்து வேலை செய்ததால் பேசிய சம்பளத்தைக் கேட்க அவனுக்கு வாயில்லை. எட்டு மாதம் கழித்துத் திரும்பினான். அவன் தாயார் மூன்று வருடம் வட்டி கட்டினார்கள். 'துண்டு' ஒழிந்துவிட்டது என்று நான் முன்பு சொன்னபோது ஏன் தயங்கினேன் என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

ஆகவே பணம் கொடுக்குமுன் சிலவற்றைக் கேளுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்வார்கள். சொல்லும் சம்பளம் அடிப்படையா, ஓவர்டைம் சேர்த்ததா? தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா? பத்தாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு மலேசியா, வளைகுடா நாடுகள் போன்றவற்றுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசா என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நம் மாநில அரசே 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்தி வருகிறது. வெல்டர், ஃபிட்டர் முதலிய தொழில் கற்ற பிள்ளைகள் முதலில் அங்கே விசாரிப்பது நலம். சுரங்கத்தைச் சுற்றிப் பழகிய கைகளுக்கு வெளியே மதிப்பு உண்டு. சான்றிதழைக் கையில் வாங்கிக் கொண்டு போகட்டும்.

குழுக் கடனை இதற்கு எடுக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டார்கள். 60,000 கணக்குக்கு எடுக்கலாம். 2 இலட்சம் கணக்குக்கு எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பத்துப் பெண்களின் சேமிப்பு ஒருவர் வீட்டு விசாவில் தொங்கக் கூடாது.

நாளைக் காலை பத்து மணி வரை நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். யாரிடமேனும் ஒப்பந்தத் தாள் இருந்தால் கொண்டு வாருங்கள்; மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பார்ப்போம்.